எங்கள் எம்.டி. லிங்க்ட்இனில் எழுத ஆசைப்படுகிறார். எதை எழுதச் சொல்வது?

நொய்யல்கரை

வணக்கம் மக்களே. திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (வெளிநாட்டு பையர்களோடு, அதாவது சரக்கு வாங்குபவர்களோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்பவன்) இருக்கிறேன். கோயம்புத்தூரில் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எங்கள் எம்.டி.க்கு ஒரே வேகம். "சரக்கு மட்டும் அனுப்பிச்சாப் போதாதுங்க தம்பி, நாம என்ன நினைக்கிறோம்னு பையருக்குத் தெரியணும்" என்கிறார். ஆபீஸில் இப்போது நூல் விலையைவிட தாட் லீடர்ஷிப் (தன் துறையில் ஊருக்கே யோசனை சொல்லும் ஆளாக இருப்பது) என்ற பேச்சுதான் அதிகம் அடிபடுகிறது.

ஒரு ஏஜென்சி வந்து மாதிரிக்குச் சில பதிவுகள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒன்றில் எங்கள் எம்.டி. விமான நிலைய வாசலில் ஒரு டீக்கடைக்காரரைச் சந்திக்கிறார். அவரிடம் தலைமைப் பண்பு பற்றி மூன்று பாடம் கற்றுக்கொள்கிறார். எம்.டி. டீ குடிக்கவே மாட்டார், அது வேறு விஷயம். இன்னொன்றில் தோல்விதான் வெற்றிக்கு முதல் படி. படித்துவிட்டு அவரே "இதை நான் எழுதுனேன்னு எங்க வீட்டுலயே நம்ப மாட்டாங்க" என்றார். ஆனாலும் ஆசை விடவில்லை. வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

இப்படி எழுதி யாருக்காவது ஆர்டர் வந்திருக்கிறதா? வந்திருந்தால் எதை எழுதி வந்தது?

பேனாக்கூலி

நான் கூலிக்கு மாரடிக்கிறவன். சென்னையில் சில நிறுவனத் தலைவர்களுக்கு எழுதிக் கொடுத்துத்தான் வாடகை கட்டுகிறேன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், பெயர் மட்டும் கேட்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் வரும். பெரும்பாலும் காரில் போய்க்கொண்டே பேசியது. நடுவில் டிரைவரிடம் "லெஃப்ட்ல போப்பா" என்பார். அதற்குள்ளே சில சமயம் அருமையான சரக்கு இருக்கும். ஒருவர் தன் ஆலையில் இரவு ஷிஃப்டில் மட்டும் தரம் தேறாத சரக்கு, அதாவது ரிஜெக்‌ஷன் கூடியதைப் பற்றிப் பேசியிருந்தார். ஆட்களை மாற்றிப் பார்த்து, மெஷினைக் கழற்றிப் பார்த்து, கடைசியில் பரிசோதனை மேசைக்கு மேலே இருந்த விளக்குதான் காரணம் என்று கண்டுபிடித்த கதை. சூப்பர்வைசரைத் திட்டியதற்காக வருத்தப்பட்டதையும் சொல்லியிருந்தார். அப்படியே எழுதி அனுப்பினேன். மார்க்கெட்டிங் துறை திருப்பி அனுப்பிவிட்டது. நம் ஆலையில் ரிஜெக்‌ஷன் இருப்பதே வெளியே தெரியக் கூடாதாம். கடைசியில் வெளியானது "தரம் என்பது முடிவில்லாத பயணம்". முந்நூறு பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் அவர் கம்பெனி ஆட்கள்.

லிங்க்ட்இன் 2012-இல் தேர்ந்தெடுத்த சில பிரபலங்களை மட்டும்தான் நீளக் கட்டுரை எழுத விட்டது. ரிச்சர்ட் பிரான்சன் மாதிரி ஆட்கள். 2014-இல் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. அன்றிலிருந்துதான் என்னைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு. இப்போது ஏ.ஐ. வந்து அதிலும் மண் விழுந்துகொண்டிருக்கிறது. உங்கள் டீக்கடைக்காரர் அந்த ஏ.ஐ.யில் பிறந்தவர்தான், அவரை ஏகப்பட்ட கம்பெனிப் பக்கங்களில் பார்த்துவிட்டேன்.

ஆர்டர் வருமா என்றால், நேராக வராது. ஆனால் புது பையர் உங்களையும் இன்னும் இரண்டு பேரையும் பட்டியலில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது பெயரைப் போட்டுத் தேடுவார். அப்போது என்ன கண்ணில் படுகிறது என்பதுதான் கணக்கு.

அம்பத்தூர்_லேத்

எனக்கு இந்தத் தாட் லீடர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. காரணம் இருக்கிறது.

நான் ஒரு பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். அதன் தலைவர் வாராவாரம் விழுமியம், நம்பிக்கை, சிறு தொழில்தான் நாட்டின் முதுகெலும்பு என்று எழுதுகிறார். நன்றாகவே எழுதுகிறார். எனக்குப் பணம் வர நாலு மாசம் ஆகிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-லிருந்து சட்டம் இருக்கிறது. யாரும் மதிக்கவில்லை என்பதால்தான் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்து 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நாளுக்குள் கொடுக்காவிட்டால், பணம் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். உடனே அந்தக் கம்பெனி பர்ச்சேஸில் இருந்து போன். "உங்க உத்யம் பதிவை கேன்சல் பண்ணிட முடியுமா சார்?" என்று கேட்டார்கள். சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு அது. அதே வாரம் தலைவரின் பதிவு வந்தது: சப்ளையர்கள் எங்கள் குடும்பம்.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். நொய்யல்கரை தம்பி, உங்கள் எம்.டி. எழுதுவதற்கு முன்னால் பட்டன் சப்ளை செய்கிறவருக்கும் ஸிப் சப்ளை செய்கிறவருக்கும் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்களும் லிங்க்ட்இனில் இருக்கிறார்கள்.

நொய்யல்கரை

பாக்கி உண்டுங்க அண்ணா. இல்லை என்று சொன்னால் பொய்.

பழைய_பேலன்ஸ்ஷீட்

ஓய்வு பெற்ற ஆடிட்டர். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பேசுவதைப் பார்த்தால் முதலாளிகள் ஊருக்கு யோசனை சொல்வது லிங்க்ட்இனோடு வந்தது போலத் தெரிகிறது. 1944 ஜனவரியில் வந்த பம்பாய்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே.ஆர்.டி. டாட்டா, ஜி.டி. பிர்லா, புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ், லாலா ஸ்ரீராம், கஸ்தூர்பாய் லால்பாய், ஆர்தேஷிர் தலால், ஏ.டி. ஷ்ராஃப், ஜான் மத்தாய் என்று எட்டுப் பேர் சேர்ந்து கொண்டுவந்தது. வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை, உலகப் போர் முடியவில்லை. இவர்கள் உட்கார்ந்து 15 ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய் முதலீடு, அதில் தொழிலுக்கு எவ்வளவு, விவசாயத்துக்கு எவ்வளவு, கல்விக்கு எவ்வளவு, பணம் எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தலா வருமானம் இரண்டு மடங்காக வேண்டும் என்பது இலக்கு.

அதைவிடப் பெரிய செய்தி, தொழிலில் அரசு தலையிட வேண்டும், கட்டுப்பாடு வேண்டும் என்று முதலாளிகளே அதில் எழுதியதுதான். தேசப்பற்று என்று சொல்பவர்கள் உண்டு, வெளிநாட்டுப் போட்டியிலிருந்து தப்பிக்கப் போட்ட கணக்கு என்று சொல்பவர்களும் உண்டு. வலதும் திட்டியது, இடதும் திட்டியது. திட்டுவதற்குப் பிடி இருந்தது, ஏனென்றால் எண்கள் இருந்தன. "தரம் என்பது பயணம்" என்று எழுதினால் யார் என்னவென்று மறுப்பது?

ஒரு கிளைக்கதை. அந்த எட்டுப் பேரில் ஒருவரான ஜான் மத்தாய் பிறகு நாட்டின் நிதியமைச்சர் ஆனார். 1950-இல் திட்டக் கமிஷனுக்கு இவ்வளவு அதிகாரம் கூடாது என்று சொல்லிப் பதவியை விட்டு விலகினார். திட்டம் போட்ட கையாலேயே!

அடுத்தது இன்ஃபோசிஸ். அது 1999 மார்ச்சில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானபோது, இந்தியாவில் பதிவு செய்த நிறுவனங்களில் அதுதான் முதல். அந்த நாட்களில் அவர்களுடைய ஆண்டறிக்கை எங்கள் ஆபீஸுக்கு வந்தால் ஜூனியர் பையன்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படிப்பார்கள். சட்டம் கேட்காததையும் அச்சடித்திருப்பார்கள். பிராண்டின் மதிப்பு இவ்வளவு, ஊழியர்களின் மதிப்பு இவ்வளவு என்று தனிப் பட்டியலே இருக்கும். எங்கள் கிளையன்ட்களோ ஒரு தகவல் கூடுதலாகக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். நிறுவன ஆளுகை (கம்பெனியை ஒளிவுமறைவின்றி நடத்தும் முறை) பற்றி, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒரு குழு அமைத்தபோது இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தியைத் தலைவராகப் போட்டார்கள், 2003-இல் அறிக்கை வந்தது. அவர் பேசியதற்கு அன்று அவ்வளவு எடை இருந்ததற்குக் காரணம், தன் வீட்டில் செய்துவிட்டு வெளியே வந்து சொன்னதுதான். என் கணக்கில் அளவுகோல் இது ஒன்றுதான்: சொன்ன கருத்துக்காக அந்த மனிதர் என்ன செலவு செய்தார்?

எச்ஆர்_அக்கா

ஐயா, நீங்கள் சொன்ன அதே நாராயண மூர்த்திதான் 2023 அக்டோபரில் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். இன்ஃபோசிஸில் முன்பு இருந்த மோகன்தாஸ் பையோடு பேசிய பாட்காஸ்ட். போருக்குப் பிறகு ஜெர்மனியும் ஜப்பானும் எப்படி எழுந்தன பாருங்கள் என்றார். அந்த மாதம் நான் எத்தனை இளைஞர்களை இன்டர்வியூ செய்தேனோ அத்தனை பேரும் "உங்க கம்பெனில எவ்வளவு நேரம் மேடம்?" என்று கேட்டார்கள். எங்களுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பிறகு 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பேசிய வீடியோ. வாரம் 90 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்ற வருத்தம், வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்ற கேள்வி. ஊழியர்களிடம் உள்ளுக்குள் பேசியது வெளியே வந்துவிட்டது. நாட்டுக்காக உழைக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் சொன்னதாக நிறுவனம் விளக்கம் கொடுத்தது. அதற்குள் யாரோ ஆண்டறிக்கையைப் புரட்டிவிட்டார்கள். 2023-24-இல் அவர் சம்பளம் 51 கோடி ரூபாய், ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப் போல 534 மடங்கு. ஆனந்த் மஹிந்திரா "என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டார்.

செலவுக் கணக்கு என்று ஐயா சொன்னாரே, அதையே போட்டுப் பாருங்கள். ஜாம்ஷெட்பூர் டாட்டா ஸ்டீலில் 8 மணி நேர வேலை 1912-லேயே வந்துவிட்டது. சட்டம் அதைக் கேட்க இன்னும் எத்தனையோ வருடம் இருந்தது. சம்பளத்தோடு விடுமுறையும் பிராவிடண்ட் ஃபண்டும் 1920-இல். அங்கே கருத்து சொன்னவர் கையிலிருந்து பணம் போனது. 70, 90 எல்லாம் அடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை.

நம் ஊரிலேயே, 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்து எழுந்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தது நினைவிருக்கும். தலைவர்கள் மைக்கில் சொல்வது காற்றோடு போய்விடும் என்று நினைக்காதீர்கள், சட்டமாக வந்து கதவைத் தட்டும்.

நொய்யல்கரைக்கு ஒரு வேண்டுகோள். எம்.டி. பதிவு போட்டதும் லிங்கைக் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "எல்லோரும் லைக் செய்து கமென்ட் போடவும், மாலைக்குள்" என்று அனுப்பாதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அதற்கு வருகைப்பதிவு மாதிரி எக்செல் ஷீட் வைத்திருந்தார்கள். "இன்ஸ்பையரிங் சார்" என்று போட்டுவிட்டு அதே பையன் என்னிடம் வந்து ராஜினாமா கடிதம் கொடுத்தான்.

பழைய_பேலன்ஸ்ஷீட்

அம்மா சொல்வது சரி. மூர்த்தி முதலில் சம்பாதித்த மதிப்பில்தான் இரண்டாவதைப் பேசினார். ஆளுகை பற்றிப் பேசினால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அடுத்தவர் வேலை நேரம் பற்றிப் பேசியதும் கணக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் ஒன்று. அவரும் அவருடைய சகாக்களும் தொடக்க காலத்தில் அப்படித்தான் உழைத்தார்கள். பொய் சொல்லவில்லை. நிறுவனர் உழைப்புக்குப் பங்கு இருக்கிறது, ஊழியர் உழைப்புக்கு மாதச் சம்பளம். அந்த வித்தியாசம் பேச்சில் காணாமல் போய்விட்டது.

சாரல்காற்று

என்ன இது, நம்ம ஆள் பெயரையே யாரும் எடுக்கவில்லை? தென்காசிக்காரன் நான், சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்ரீதர் வேம்பு. 1996-இல் ஆரம்பித்த கம்பெனி, இன்றைய ஜோஹோ. 2005-இல் கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, உதவித்தொகையும் கொடுத்து, மென்பொருள் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறைக் கிராமத்தில் ஆபீஸ். அவரே 2019-இல் இங்கே வந்து குடியேறிவிட்டார். "நகரத்துக்குப் போகாமலே உலகத் தரத்தில் சாஃப்ட்வேர் செய்யலாம்" என்று மேடையில் சொல்ல ஆயிரம் பேர் உண்டு, செய்து காட்டியவர் எத்தனை பேர்? எங்கள் தெருவில் ஒரு பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அங்கே போனவன், இப்போது அவன் வீட்டுக்கு மாடி எழும்பிவிட்டது.

இன்னொன்று, ஜோஹோ பங்குச்சந்தைக்கு வரவில்லை. காலாண்டுக்கு ஒரு முறை யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அதனால்தான் பத்து வருடக் கணக்கில் யோசிக்க முடிகிறது.

அம்பத்தூர்_லேத்

அதெல்லாம் சரி, 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் இந்தி கற்றுக்கொள்ள வேண்டும் என்று எக்ஸ் தளத்தில் எழுதினாரே, அதற்கும் மத்தளம்பாறைக்கும் என்ன சம்பந்தம்?

சாரல்காற்று

மும்பை, டெல்லி வாடிக்கையாளர்களோடு வேலை செய்யும் அனுபவத்தில் சொன்னார். தான் இந்தி படிக்க ஆரம்பித்ததையும் சேர்த்துத்தானே சொன்னார். பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அம்பத்தூர்_லேத்

எதை விடுவது? கிராமத்தில் இருந்தே உலகத்துக்கு விற்கலாம் என்று சொன்ன வாயால், டெல்லிக்கு விற்க

நெறியாளர்

இந்தி பற்றி ஏற்கெனவே மூன்று இழைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, இருவரும் அங்கே போய்த் தொடருங்கள். இதற்குக் கீழே வந்த பதினாறு பதில்களை அங்கே நகர்த்திவிட்டேன். இங்கே நொய்யல்கரையின் கேள்விக்கு வருவோம்.

பங்குச்சந்தை_பாமரன்

நகர்த்தும் முன் படித்துவிட்டேன், சுவையாகத்தான் இருந்தது. ஆனால் அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு துறையில் சாதித்தவர் மற்ற எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லத் தொடங்கும்போது சிக்கல் வருகிறது. கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் பற்றி வேம்பு பேசும்போது அவருக்குப் பின்னால் இருபது வருட வேலை நிற்கிறது. மற்றவற்றில் அவரும் நம்மைப் போல ஒரு குடிமகன், ஆனால் கேட்பவர்கள் பல லட்சம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. பிளாக்ராக் நிறுவனத் தலைவர் லாரி ஃபிங்க். 10 லட்சம் கோடி டாலருக்கும் மேலே மற்றவர்கள் பணத்தை நிர்வகிக்கும் கம்பெனி. தாங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களின் தலைவர்களுக்கு வருடா வருடம் கடிதம் எழுதிவந்தார். 2018-இல் லாபம் மட்டும் போதாது, சமூகத்துக்கு என்ன பயன் என்று காட்டுங்கள் என்றார். 2020-இல் பருவநிலை மாற்றம் முதலீட்டையே புரட்டிப் போடப் போகிறது என்றார். உலகமே கொண்டாடியது. நம் ஊர்க் கம்பெனிகளும் அந்தச் சொற்களை எடுத்துத் தங்கள் ஆண்டறிக்கையில் போட்டுக்கொண்டன. அப்புறம் அமெரிக்க அரசியல் திரும்பியது. 2022 டிசம்பரில் ஃபுளோரிடா மாநிலம் 200 கோடி டாலரை பிளாக்ராக்கிடமிருந்து எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. 2023-இல் ஈ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், ஆளுகை பார்த்து முதலீடு செய்வது) என்ற சொல்லையே இனிப் பயன்படுத்தப் போவதில்லை என்றார் ஃபிங்க். 2025 ஜனவரியில் கரிம உமிழ்வை நிகரப் பூஜ்யமாக்க நிதி நிறுவனங்கள் சேர்ந்த நெட் ஜீரோ கூட்டமைப்பிலிருந்தும் பிளாக்ராக் வெளியேறியது.

அவரை மட்டும் குறை சொல்லவில்லை. மற்றவர்கள் பணத்தை நிர்வகிப்பவருக்கு அந்தப் பணம்தான் முதலாளி. ஆனால் கருத்துக்கு விலை கொடுக்க வேண்டிய நேரம் வந்ததும் கருத்து மாறிவிட்டது, இல்லையா.

பேனாக்கூலி

விலை என்றதும் இன்னொன்று. நொய்யல்கரை கம்பெனி தனியார், பரவாயில்லை. பட்டியலிட்ட கம்பெனித் தலைவர்கள் வாயைத் திறந்தால் சட்டமும் சேர்ந்து வரும். 2012 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸின் ரீட் ஹேஸ்டிங்ஸ், ஒரே மாதத்தில் 100 கோடி மணி நேரம் பார்க்கப்பட்டதாகத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினார். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விசாரித்தது. முதலீட்டாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் சமூக ஊடகத்திலும் வெளியிடலாம் என்று 2013-இல் வழி விட்டது. 2018-இல் மஸ்க், டெஸ்லாவைப் பங்கு ஒன்றுக்கு 420 டாலர் கொடுத்துத் தனியார் ஆக்கப் போவதாகவும் பணம் தயார் என்றும் ட்வீட் போட்டு, அவர் 2 கோடி டாலர், கம்பெனி 2 கோடி டாலர் அபராதம் கட்டி, சேர்மன் பதவியும் போனது. ஆகவே பெரிய கம்பெனிப் பதிவுகள் ஏன் சப்பென்று இருக்கின்றன என்று கேட்டால், பாதிப் பழி எங்களுடையது, மீதி வக்கீல்களுடையது.

பழைய_பேலன்ஸ்ஷீட்

வக்கீல் பார்த்தாலும் நன்றாக எழுத முடியும் என்பதற்கு அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் சாட்சி. பெர்க்‌ஷயர் பங்குதாரர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் பல ஆண்டுகள் மாலை நேரத்தில் பொறுமையாகப் படித்திருக்கிறேன். 1993-இல் டெக்ஸ்டர் என்ற ஷூ கம்பெனியை 43.3 கோடி டாலருக்கு வாங்கினார். பணமாகக் கொடுக்காமல் தன் பங்கைக் கொடுத்தார். ஷூ கம்பெனி ஒன்றுமில்லாமல் போனது, கொடுத்த பங்கோ ஏறிக்கொண்டே போனது. தான் செய்ததிலேயே மோசமான பேரம் இதுதான் என்று 2007 கடிதத்தில் எழுதினார். கம்பெனியில் எத்தனை சதவீதத்தைக் கொடுத்தேன், இன்றைய விலையில் எவ்வளவு நஷ்டம் என்று கணக்கோடு. அதைப் படித்த பிறகு, அவர் ஒரு கம்பெனியை நல்லது என்று சொன்னால் நம்பத் தோன்றும். 2025 நவம்பரில், இனி ஆண்டறிக்கைக் கடிதம் நான் எழுதமாட்டேன் என்று சொல்லி ஓய்ந்துவிட்டார்.

அதனால் கேட்கிறேன் தம்பி. உங்கள் எம்.டி. எதில் பணத்தை விட்டார், எதில் பிடித்தார்? அங்கே ஏதாவது இருக்கும்.

நொய்யல்கரை

எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. அம்பத்தூர் அண்ணா சொன்னதை எம்.டி.யிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்கவுண்ட்ஸைக் கூப்பிட்டு லேபிள்காரர் பாக்கி எவ்வளவு என்று கேட்டார். அதற்கு மேல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆடிட்டர் ஐயாவின் கேள்வியையும் கேட்டேன். யோசிக்கவே இல்லை, "தண்ணி" என்றார். எங்களுக்குச் சொந்தச் சாயப்பட்டறை உண்டு, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்களுடையதும் மூடியதுதான். துணியை லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கிய கதை, பேங்கில் கடன் கேட்டு அலைந்த கதை எல்லாம் சொன்னார். ரெக்கார்ட் செய்துவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, தலைமைப் பண்பு என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை.

பேனாக்கூலி

ஏஜென்சியை அனுப்பிவிடுங்கள். என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன், ஆனாலும் இதற்கு எழுத்தாளரே வேண்டாம்.

சாயத்தண்ணி

இந்த இழையில் வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். சாயத் தொழிலில் பல வருடம் டெக்னீசியன். இதைச் சொல்ல ஆள் கிடைத்தால் நல்லது.

வெளியே இருக்கிறவர்களுக்கு: நொய்யலில் சாயக்கழிவு போய், 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே கழிவுத் தொட்டி ஆகிவிட்டது. கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் நடத்தினார்கள். அதன் முடிவில்தான் 2011 தீர்ப்பு. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின. ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிலையில் திறந்தோம்.

அது எப்படி நடக்கிறது என்று பெரும்பாலான பையருக்கே தெரியாது. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். கறுப்பு, நேவி மாதிரி அடர் நிறத்துக்கு ஒரு லிட்டருக்கு 60 கிராமுக்கு மேலே போடுவோம். சாயத்தை நீக்குவது பெரிய கஷ்டம் இல்லை, உப்பைப் பிரிப்பதுதான் உயிரை வாங்கும். முதலில் பாக்டீரியா வைத்துச் சுத்தம் செய்து, ஆர்.ஓ.வில் விட்டு நல்ல தண்ணீரை எடுத்துக்கொள்வோம். மிஞ்சுகிற கடும் உப்புத்தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி சோடியம் சல்ஃபேட் உப்பாக எடுத்து, மறுபடியும் பட்டறைக்கே அனுப்புவோம். கரண்ட் பில்லும் விறகுச் செலவும் அங்கேதான் போகிறது. இந்தச் செலவு இல்லாத ஊரோடும் நாட்டோடும் விலையில் மோத வேண்டும், அதுதான் திருப்பூர்க்காரன் பாடு.

உங்கள் எம்.டி. இதை எழுதினால் நான் லைக் போடுகிறேன், யாரும் எக்செல் ஷீட் வைக்க வேண்டாம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லா உப்பும் திரும்பி வராது. கடைசியில் கலப்பு உப்பு என்று ஒன்று மிஞ்சும். யாருக்கும் உதவாது. மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறோம். மழை படக் கூடாது என்று கூரை போட்டு. அது ஏறிக்கொண்டே போகிறது.

நொய்யல்கரை

முதல் கட்டுரை போன வாரம் வந்துவிட்டது. எம்.டி. சொன்னதை நான் தமிழில் எழுதி, அவர் மகள் ஆங்கிலமாக்கினார். 2011 மூடல், கடன், தண்ணீர் திரும்பி வருவது, ஒரு கிலோ துணிக்கு அதனால் கூடும் செலவு எல்லாம் இருக்கிறது. கலப்பு உப்புப் பத்தியும் எழுதியிருந்தோம், கொட்டகைப் போட்டோவோடு. வெளியிடும் முன் எம்.டி. அதை எடுக்கச் சொல்லிவிட்டார். "நாமளா போய் ஏன் மாட்டிக்கணும், மத்த உறுப்பினர்களும் சண்டைக்கு வருவாங்க" என்றார். நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை, சம்பளம் வாங்குகிறவன்.

வந்த லைக் குறைவுதான். டீக்கடைக்காரர் இதைவிட வாங்கியிருப்பார். ஆனால் நாங்கள் இரண்டு சீசனாகச் சாம்பிள் அனுப்பிக்கொண்டிருக்கும் ஓர் ஐரோப்பிய பையரின் சுற்றுச்சூழல் பிரிவிலிருந்து மெயில் வந்திருக்கிறது. கட்டுரையைப் பாராட்டி இரண்டு வரி. மூன்றாவது வரி: உப்பு முழுவதும் மறுபடி பயன்படுகிறதா, மிச்சம் என்ன ஆகிறது?

எம்.டி. அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேட்டுட்டாங்களே" என்றார். பதில் அனுப்ப வேண்டும், பொய் சொல்ல மாட்டேன் என்கிறார். அந்தப் பத்தியை எடுத்து வை என்று சொல்லியிருக்கிறார், ஆனால் மொத்தம் எவ்வளவு கிடக்கிறது என்ற எண் எங்களிடம் இல்லை. சாயத்தண்ணி அண்ணா, அது எங்கே கிடைக்கும்?

அம்பத்தூர்_லேத்

அது இருக்கட்டும், லேபிள்காரருக்குப் பணம் போனதா?

நொய்யல்கரை

பாதி போயிருக்குங்க அண்ணா. மீதி அடுத்த மாதம் என்று அக்கவுண்ட்ஸில் சொன்னார்கள்.

சாயத்தண்ணி

உங்கள் சுத்திகரிப்பு நிலைய மேனேஜரிடம் மாதக் கணக்கு இருக்கும். எவ்வளவு தண்ணீர் வந்தது, எவ்வளவு உப்பு எடுத்தார்கள், எத்தனை டன் கலப்பு உப்பு கொட்டகைக்குப் போனது என்று லெட்ஜர் வைத்திருப்பார்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் காட்ட வேண்டும் அல்லவா. உறுப்பினர் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். மெயிலில் கேட்டால் ஜவ்வாக இழுப்பார்கள், எம்.டி.யையே நேரில் போகச் சொல்லுங்கள். உங்கள் பட்டறையின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தக் கணக்கை மட்டும் அனுப்பினால் பையர் அடுத்த மெயிலில் அதைத்தான் கேட்பார். கொட்டகைப் போட்டோ பழையது என்றால் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள், போன மழைக்குப் பிறகு கூரை மாற்றியிருக்கிறார்கள்.